எந்த மதிப்பெண்ணை அனுப்புவது, எதை விடுவது: எஸ்.ஏ.டி. பற்றி ஒரு தாய்க்குப் பதில்

நியூஜெர்சியில் எடிசன் பக்கம் இருக்கும் ஒரு அம்மா கேட்டிருக்கிறார். மகள் பன்னிரண்டாம் வகுப்பு. பொருளாதாரம் படிக்க ஆசை. அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி. தேர்வை (மொழி, கணக்கு தலா 800, மொத்தம் 1600) மூன்று முறை எழுதியிருக்கிறாள். மார்ச்சில் மொழிப்பகுதி 700, கணக்கு 760, மொத்தம் 1460. ஆகஸ்டில் 740, 750, மொத்தம் 1490. அக்டோபரில் 710, 790, மொத்தம் 1500. இடையில் ஒருமுறை, அதே போன்ற இன்னொரு தேர்வான ஏ.சி.டி.யும் எழுதி 36க்கு 32 வாங்கியிருக்கிறாள். ஜார்ஜ்டவுன், கார்னெல், கொலம்பியா, பிரின்ஸ்டன், மிச்சிகன், பெர்க்லி, ரட்கர்ஸ் ஆகிய ஏழு இடங்களுக்கு 2026 சேர்க்கைக்காக விண்ணப்பிக்கிறாள். "1550க்குக் கீழே இருந்தால் அனுப்பவே கூடாது என்று எல்லாரும் சொல்கிறார்கள். 1500ஐ மட்டும் அனுப்பலாமா, மூன்றையும் அனுப்பலாமா, ஒன்றுமே அனுப்பாமல் விடலாமா?" என்பது கேள்வி. கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்: "கோயம்புத்தூரில் என் அண்ணன் பையன் 1410 எடுத்திருக்கிறான். எட்டாவது வரை தமிழ் மீடியம். அனுப்பாதே என்று சொல்லிவிட்டேன். சரிதானே?"

சரியில்லை. அவனிடம் இன்றே பேசி அந்த வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். ஏன் என்பதை உங்கள் மகள் விஷயம் முடிந்ததும் சொல்கிறேன்.

பல வருடங்களாக நம் பிள்ளைகளின் கல்லூரி விண்ணப்பங்களைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து வருகிறேன். இந்த ஒரு விஷயத்தில் பெற்றோர் படும் பயம் அளவுக்கு மீறியது. அந்தப் பயத்தால் எடுக்கும் முடிவுகளில் பாதி பிள்ளைக்கு எதிராகவே முடிகிறது.

முதலில் சில விதிகள். எஸ்.ஏ.டி.யை நடத்தும் காலேஜ் போர்டு 2009இலிருந்து 'ஸ்கோர் சாய்ஸ்' என்ற வசதியைத் தருகிறது. பல தேதிகளில் எழுதியிருந்தால் எந்தத் தேதியின் மதிப்பெண் போக வேண்டும் என்பதை மாணவரே தேர்ந்தெடுக்கலாம். ஆனால் ஒரு தேதியை அனுப்பினால் அந்த நாளின் இரண்டு பகுதிகளும் சேர்ந்தே போகும். ஆகஸ்டின் 740ஐ மட்டும் பிய்த்து அனுப்ப முடியாது. அதே நேரம், பெரும்பாலான கல்லூரிகள் 'சூப்பர்ஸ்கோர்' பார்க்கின்றன. அதாவது எந்தத் தேதியில் வந்ததாக இருந்தாலும் ஒவ்வொரு பகுதியிலும் உயர்ந்ததை எடுத்துக் கூட்டிக்கொள்கிறார்கள். உங்கள் மகளுக்கு அது ஆகஸ்டின் மொழிப்பகுதி 740, அக்டோபரின் கணக்கு 790, ஆக 1530. வீட்டில் எல்லாரும் 1500 என்று பேசிக்கொண்டிருக்கிறீர்கள். கொலம்பியாவோ கார்னெலோ அவளைப் பார்க்கும்போது பார்க்கப்போவது 1530. ஆகவே அக்டோபரை மட்டும் அனுப்பினால் நீங்களே 30 புள்ளியைக் குறைத்து அனுப்புகிறீர்கள். ஆகஸ்டும் அக்டோபரும் சேர்ந்தே போக வேண்டும். மார்ச்சில் இரண்டு பகுதியும் மற்றவற்றைவிடக் குறைவாகவோ பயன்படாததாகவோ இருப்பதால் அது தேவையில்லை.

பல கல்லூரிகளுக்கும் ஒரே விண்ணப்பமாகப் பயன்படும் காமன் ஆப் படிவத்தில் தேர்வுப் பக்கத்தை அவளோடு சேர்ந்து திறந்து பாருங்கள். போன வாரம் ஒரு பெண்ணோடு நான் பார்த்தேன். மொழிப்பகுதியில் உங்கள் உயர்ந்த மதிப்பெண் என்ன, அது எந்தத் தேதி என்று ஒரு கட்டம். கணக்கில் உயர்ந்தது என்ன, அது எந்தத் தேதி என்று தனியாக இன்னொரு கட்டம். படிவமே சூப்பர்ஸ்கோர் முறையில்தான் கேட்கிறது. அந்தப் பெண் இரண்டு கட்டத்திலும் ஒரே தேதியைப் போட்டு வைத்திருந்தாள், ஒரே தேர்வின் மதிப்பெண்ணைத்தான் போட வேண்டும் என்று நினைத்துக்கொண்டு. தேதியை மாற்றியதும் 20 புள்ளி கூடியது. முகத்தில் வந்த நிம்மதியைப் பார்க்க வேண்டுமே.

இங்கே பிள்ளை தானே தட்டச்சு செய்யும் மதிப்பெண் பல கல்லூரிகளுக்கு விண்ணப்ப நேரத்தில் போதுமானது. காலேஜ் போர்டிலிருந்து நேரடியாகப் போகும் அதிகாரப்பூர்வ அறிக்கையை இடம் கிடைத்துச் சேரும்போது கேட்பார்கள். ஏழு கல்லூரிக்கும் இப்போதே பணம் கட்டி அனுப்ப வேண்டிய அவசியம் இல்லாமல் போகலாம், ஒவ்வொன்றின் தளத்திலும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் தட்டச்சு செய்யும்போது மதிப்பெண் அறிக்கையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யச் சொல்லுங்கள். பின்னால் வரும் அறிக்கையோடு அது ஒத்துப்போகவில்லை என்றால், தெரியாமல் செய்த பிழையாக இருந்தாலும் கிடைத்த இடமே கையை விட்டுப் போகும் ஆபத்து உண்டு.

தேர்வுக்குப் பதிவு செய்யும்போது நான்கு கல்லூரிகளுக்கு இலவசமாக அனுப்பும் வாய்ப்பு வரும். அது மதிப்பெண் தெரிவதற்கு முன்பே போய்விடும் அனுப்புதல், திரும்பப் பெற முடியாது. சில டாலர் மிச்சம் பிடிக்கப் போய்த் தேர்வு செய்யும் உரிமையை இழக்க வேண்டாம். கட்டண விலக்கு பெற்ற பிள்ளைகளுக்கு மதிப்பெண்ணைப் பார்த்த பிறகும் இலவசமாக அனுப்ப வழி இருக்கிறது, அவர்கள் இதைப் பற்றிக் கவலைப்படவே வேண்டாம்.

இனி கல்லூரிகள். இந்த ஏழு கல்லூரிகளையும் ஒரே கூடையில் போட்டதால்தான் உங்களுக்கு இவ்வளவு குழப்பம்.

பெர்க்லிக்கு எதுவும் வேண்டாம். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் எந்த வளாகமும் சேர்க்கை முடிவில் எஸ்.ஏ.டி.யையோ ஏ.சி.டி.யையோ பார்ப்பதில்லை. 1600 எடுத்திருந்தாலும் பார்க்க மாட்டார்கள். அங்கே பள்ளி மதிப்பெண்ணும், எடுத்த பாடங்களும், எழுதும் பதில்களும்தான்.

ஜார்ஜ்டவுனுக்கு எல்லாம் வேண்டும். அந்தப் பல்கலைக்கழகம் நீண்ட காலமாக ஸ்கோர் சாய்ஸை ஏற்பதில்லை. எழுதிய எல்லா எஸ்.ஏ.டி.யும் எல்லா ஏ.சி.டி.யும் போக வேண்டும் என்பது அதன் விதி. மார்ச் 1460உம் போகும், ஏ.சி.டி. 32உம் போகும். "ஏ.சி.டி.யை எழுதியதே அவர்களுக்குத் தெரியாதே" என்று யாராவது யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். விதியைப் பின்பற்றியதாக உறுதிமொழி கொடுத்துத்தான் விண்ணப்பிக்கிறாள். பதினேழு வயதில் ஒரு பிள்ளைக்கு அப்பா அம்மா சேர்ந்து பொய் சொல்லக் கற்றுக்கொடுப்பது 32 என்ற எண்ணைவிடப் பெரிய நஷ்டம். தவிர, எல்லாவற்றையும் கேட்டாலும் எஸ்.ஏ.டி.யில் பகுதிவாரியாக உயர்ந்ததையே எடுத்துக்கொள்வதாகத்தான் அவர்கள் சொல்கிறார்கள். 1460, 1490, 1500 என்று படிப்படியாக ஏறிய பட்டியலில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 2026 சேர்க்கைக்கு ஜார்ஜ்டவுன் காமன் ஆப்பில் இல்லை, தன் சொந்த விண்ணப்பத்தை வைத்திருக்கிறது. ஆகவே அங்கே மற்றவற்றோடு சேர்த்து நினைத்துக்கொண்டு எதையாவது விட்டுவிடாதீர்கள்.

கார்னெல் 2026 சேர்க்கையிலிருந்து மதிப்பெண்ணைக் கட்டாயமாக்கிவிட்டது. அங்கே அனுப்புவதா வேண்டாமா என்ற கேள்வியே இல்லை, எதை என்பதுதான். ஆகஸ்டும் அக்டோபரும். ஏ.சி.டி. 32 வேண்டாம். இரண்டு தேர்வையும் ஒப்பிட காலேஜ் போர்டும் ஏ.சி.டி.யும் சேர்ந்து 2018இல் வெளியிட்ட அட்டவணையில் 32 என்பது எஸ்.ஏ.டி.யில் 1430 அளவுக்குச் சமம். 1530 கையில் இருக்கும்போது அதை எதற்குக் காட்ட வேண்டும்? இரண்டு தேர்வு எழுதியவர்கள் இரண்டையும் காட்டினால் கடின உழைப்பாளி என்று நினைப்பார்கள் என்பது வெறும் நம்பிக்கை. வலுவான ஒன்று போதும்.

மிச்சிகனுக்கும் ரட்கர்ஸுக்கும் விருப்பமிருந்தால் அனுப்பலாம் என்ற முறை. இரண்டுக்கும் யோசிக்காமல் அனுப்புங்கள். அங்கே 1530 தெளிவான பலம். இது போன்ற பொதுப் பல்கலைக்கழகங்கள் சிலவற்றில் சூப்பர்ஸ்கோர் கணக்கு கிடையாது, ஒரே நாளின் மொத்தத்தைப் பார்ப்பார்கள். அப்படியே இருந்தாலும் அக்டோபரின் 1500 இருக்கிறது.

மிச்சம் கொலம்பியாவும் பிரின்ஸ்டனும். உங்கள் 1550 பயம் முழுக்க இங்கேதான் குடியிருக்கிறது, ஆகவே இதைக் கொஞ்சம் பொறுமையாகப் பேசலாம்.

அந்த எண் எங்கிருந்து வந்தது? பெரும்பாலான கல்லூரிகள் 'காமன் டேட்டா செட்' என்று ஓர் ஆவணத்தை ஆண்டுதோறும் வெளியிடுகின்றன. தேடினால் கிடைக்கும். அதில் சி9 என்ற பகுதியைப் பாருங்கள். சேர்ந்த மாணவர்களில் எத்தனை சதவீதம் பேர் எஸ்.ஏ.டி. கொடுத்தார்கள், கொடுத்தவர்களில் 25ஆம் சதமானம் (கால்வாசிப் பேர் இதற்குக் கீழே) எது, நடு எது, 75ஆம் சதமானம் எது என்று இருக்கும். கொலம்பியாவிலும் பிரின்ஸ்டனிலும் அண்மை ஆண்டுகளில் 25ஆம் சதமானம் 1500, 1510 அளவில் இருக்கிறது. நம் மக்கள் நடுவில் இருக்கும் எண்ணை எடுத்து வைத்துக்கொண்டு, அதற்குக் கீழே இருப்பவன் தோற்றவன் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். நடு எண் என்றால் என்ன பொருள்? மதிப்பெண் கொடுத்து உள்ளே போனவர்களில் பாதிப் பேர் அதற்குக் கீழே என்று பொருள்.

இன்னொன்றும் இருக்கிறது. 2020இல் கொரோனாவால் தேர்வு மையங்கள் மூடியபோது கல்லூரிகள் வரிசையாக மதிப்பெண்ணை விருப்பத்துக்கு விட்டன. உயர்ந்த மதிப்பெண் வாங்கியவர்கள் மட்டும் காட்டினார்கள், மற்றவர்கள் மறைத்தார்கள். அதனால் வெளியிடப்படும் எண்கள் மேலே ஏறின. ஏறிய எண்ணைப் பார்த்து அடுத்த ஆண்டு 1490 எடுத்தவன் பயந்து மறைத்தான். எண் இன்னும் ஏறியது. ஆயிரம் பேர் சேர்ந்த ஒரு கல்லூரியில் ஐந்நூறு பேர்தான் மதிப்பெண் காட்டினார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஐந்நூறின் நடுவைத்தான் நீங்கள் 'அந்தக் கல்லூரியின் மதிப்பெண்' என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். மற்ற ஐந்நூறு பேர் எவ்வளவு எடுத்தார்கள் என்பது அந்தத் தாளில் இல்லை. ஆகவே சி9ஐப் பார்க்கும்போது எத்தனை சதவீதம் பேர் கொடுத்தார்கள் என்ற எண்ணை முதலில் பாருங்கள், அதற்குப் பிறகு மற்றதைப் பாருங்கள்.

இதைச் சொல்லும்போது மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 25ஆம் சதமானத்துக்குக் கீழே உள்ளே போனவர்கள் எல்லாரும் உங்கள் மகளைப் போன்றவர்கள் அல்ல. விளையாட்டு வீரர்களாகக் கல்லூரியே தேடிப் பிடித்தவர்கள் உண்டு. மிகக் கடினமான சூழலில் இருந்து வந்தவர்கள் உண்டு. எடிசனில் அப்பா அம்மா இருவரும் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கும் வீட்டுப் பெண்ணுக்கு அந்தச் சலுகை கிடைக்காது. சேர்க்கை அலுவலகத்தில் விண்ணப்பத்தை வாசிப்பவர் கையில் பள்ளியைப் பற்றிய குறிப்பு இருக்கும். அந்தப் பள்ளியில் மற்றவர்கள் எவ்வளவு எடுக்கிறார்கள், எத்தனை ஏ.பி. பாடங்கள் (பள்ளியிலேயே படிக்கும் கல்லூரி நிலைப் பாடங்கள்) உண்டு என்பதெல்லாம் அதில் தெரியும். எடிசன், டெக்சஸின் ஃப்ரிஸ்கோ, கலிபோர்னியாவின் ஃப்ரீமான்ட் போன்ற ஊர்ப் பள்ளிகளில் 1500 என்பது அபூர்வம் அல்ல. நம்மவர்கள் நெருக்கமாக வாழும் ஊர்கள் இவை, அதனால்தான் வெளிப்படையாகச் சொல்கிறேன்.

அப்படியானால் மறைக்கலாமா? உங்கள் மகள் விஷயத்தில் மறைக்கக் கூடாது என்பது என் கருத்து. இத்தனை பேர் தேர்வு எழுதும் ஊரிலிருந்து, மூன்று ஏ.பி. பாடம் படிக்கும் பெண் மதிப்பெண் கொடுக்கவில்லை என்றால் வாசிப்பவர் என்ன நினைப்பார்? தேர்வு மையம் கிடைக்கவில்லை என்றா நினைப்பார்? 1530ஐவிடக் குறைவான ஒன்றைத்தான் நினைத்துக்கொள்வார். அவளுடைய எண் அந்த வரம்புக்குள் இருக்கிறது. பொருளாதாரம் படிக்கப் போகிறவளுக்குக் கணக்கில் 790 என்பது தனியாகவே பேசும். 1530க்கும் 1550க்கும் உள்ள இடைவெளி, அதே பெண் அடுத்த சனிக்கிழமை எழுதினால் தானாகவே ஏறி இறங்கும் அளவு. இரண்டோ மூன்றோ கேள்வி. அதற்காக நான்காவது முறை எழுத வைக்காதீர்கள். அந்த வாரங்களைக் கட்டுரைக்குக் கொடுங்கள்.

பகுதிகள் எப்படிப் பிரிந்திருக்கின்றன என்பதை வைத்தும் முடிவு மாறும். பொறியியலுக்கோ கணினி அறிவியலுக்கோ போகும் பையன் மொழிப்பகுதியில் 770, கணக்கில் 700 என்று 1470 எடுத்திருந்தால், விருப்பமிருந்தால் அனுப்பலாம் என்ற கல்லூரிக்கு அதை அனுப்பத் தயங்குவேன். எம்.ஐ.டி. போன்ற இடத்தில் கணக்கில் 25ஆம் சதமானமே 780ஐ ஒட்டி இருக்கிறது. அதே 1470 திரும்பிய வாக்கில், கணக்கில் 790, மொழியில் 680 என்றால் அதே பையனுக்கு அனுப்பச் சொல்வேன். மொத்தத்தை மட்டும் பார்ப்பவர்களுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியும்.

மதிப்பெண்ணைத் திரும்பக் கட்டாயமாக்கும் பக்கம்தான் காற்று வீசுகிறது என்பதையும் கவனியுங்கள், கீழே தம்பி தங்கை இருந்தால் உதவும். எம்.ஐ.டி. 2022 மார்ச்சில் திரும்பியது. 2024இல் டார்ட்மத், யேல், பிரௌன், ஹார்வர்டு, கால்டெக், கார்னெல், ஸ்டான்ஃபோர்டு என்று ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பின. பிரின்ஸ்டன் 2027-28 விண்ணப்பச் சுற்றிலிருந்து கட்டாயம் என்று அறிவித்திருக்கிறது. கொலம்பியாவோ விருப்பத்துக்கு விடுவதே நிரந்தரம் என்று 2023இல் சொன்னது. விருப்பத்துக்கு விடுவது கொரோனாவால் பிறந்ததும் அல்ல, மெய்ன் மாநிலத்து போடின் கல்லூரி 1969இலேயே அப்படிச் செய்துவிட்டது. அத்தகைய கல்லூரியில் மதிப்பெண் இல்லாத விண்ணப்பம் அரை நூற்றாண்டுப் பழக்கம், கவலையில்லாமல் விடலாம். போன வருடம்வரை விருப்பம் என்று சொல்லி அடுத்த வருடம் கட்டாயம் ஆக்கப்போகும் இடத்தில் அதே சொல்லுக்கு அதே எடை கிடையாது.

ஏ.பி. தேர்வுகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சுருக்கமாக. உச்சமான 5ஐயும் அடுத்த 4ஐயும் விண்ணப்பத்தில் போடுங்கள். 3ஐ, அதுவும் அவள் படிக்க விரும்பும் துறையைச் சேர்ந்த பாடத்தில் 3ஐ, போடாமல் விடலாம். யேல் 2024இல் அறிவித்த முறையில் எஸ்.ஏ.டி.க்குப் பதிலாக ஏ.பி. மதிப்பெண்களைக் கொடுக்கலாம், ஆனால் அந்த வழியில் போனால் எழுதிய எல்லா ஏ.பி.யையும் காட்ட வேண்டும். அதை யாரும் கவனிப்பதில்லை.

இப்போது உங்கள் அண்ணன் பையன்.

2022இல் ஒரு பையனுக்கு நான் ஆலோசனை சொன்னேன். ஓக்லஹோமாவில் ஒரு சிற்றூர். அப்பா மோட்டலில் இரவு நேர வேலை, அம்மா அதே இடத்தில் அறைகளைச் சுத்தம் செய்வார். அந்தப் பள்ளியிலிருந்து வெளி மாநிலக் கல்லூரிக்குப் போகிறவர்களே விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். பையன் நூலகத்தில் உட்கார்ந்து இலவசப் பாடங்களைப் பார்த்துத் தானே படித்து 1420 எடுத்திருந்தான். நான் என்ன செய்தேன் தெரியுமா? அவன் விரும்பிய கல்லூரியின் சி9ஐத் திறந்தேன். 25ஆம் சதமானம் 1480 என்று இருந்தது. "60 புள்ளி குறைவு, அனுப்பாதே" என்றேன். அவன் மறுபேச்சுப் பேசவில்லை. "சரி அங்கிள்" என்றான். அந்தக் கல்லூரி கிடைக்கவில்லை. அது போன்ற இன்னும் இரண்டும் கிடைக்கவில்லை. மாநிலக் கல்லூரியில் சேர்ந்து நன்றாகப் படிக்கிறான். மதிப்பெண் போயிருந்தால் கிடைத்திருக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கேள்வியை அவனுக்குக் கொடுத்தது நான்.

2024 பிப்ரவரியில் டார்ட்மத் தன் முடிவை அறிவித்தபோது, அதற்கு அடிப்படையாக அந்தக் கல்லூரியின் நான்கு பேராசிரியர்கள் செய்த ஆய்வையும் வெளியிட்டது. மூன்று பொருளாதார அறிஞர்கள், ஒரு சமூகவியல் அறிஞர். வசதி குறைந்த வீடுகளிலிருந்தும் வசதி குறைந்த பள்ளிகளிலிருந்தும் விண்ணப்பித்தவர்களில் பலர் 1400களில் மதிப்பெண் வைத்திருந்தும் அது போதாது என்று நினைத்து மறைத்திருக்கிறார்கள். அனுப்பியிருந்தால் அந்த எண்ணே அவர்களுக்கு உதவியிருக்கும் என்று ஆய்வு காட்டியது. ஏனென்றால் அங்கே வாசிப்பவர்கள் அந்த எண்ணைக் கல்லூரியின் சராசரியோடு மட்டும் வைத்துப் பார்க்கவில்லை. அவன் பள்ளியில் மற்றவர்கள் எடுக்கும் மதிப்பெண்ணோடு வைத்துப் பார்த்தார்கள். படித்து முடித்ததும் அந்தப் பையன் முகம்தான் நினைவுக்கு வந்தது. அன்று இரவு தூங்க முடியவில்லை. அதற்குப் பிறகு யார் கேட்டாலும் முதலில் உன் பள்ளியைப் பற்றிச் சொல் என்றுதான் தொடங்குகிறேன்.

கோயம்புத்தூர்ப் பையனின் 1410 எப்படி வந்தது என்று நீங்கள் சொல்லவில்லை. எட்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவன் என்றால், கணக்கு 770 பக்கமும் மொழிப்பகுதி 640 பக்கமும் இருக்கும் என்று நினைக்கிறேன். அமெரிக்காவில் பிறந்த உங்கள் மகளுக்கும் அவனுக்கும் ஒரே அளவுகோல் பொருந்தாது. உங்கள் மகளின் பள்ளியைச் சேர்க்கை அலுவலகம் நன்றாக அறியும். அவன் பள்ளியின் பெயரை அங்கே யாரும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். பிளஸ் டூவில் 580 என்றால் அது எவ்வளவு பெரியது என்று வாசிப்பவருக்கு உடனே தெரியாது. எஸ்.ஏ.டி. மட்டும்தான் அவருக்குப் பழக்கமான அளவுகோல். அதையும் எடுத்துவிட்டால் அவனைப் பற்றி அவர் எதை நம்புவார்?

ஒரே ஒரு எச்சரிக்கை. வெளிநாட்டு மாணவருக்குப் பண உதவி கொடுக்கும் விஷயத்தில் பெரும்பாலான கல்லூரிகள், உதவி கேட்கிறானா என்பதையும் சேர்க்கை முடிவில் கணக்கில் எடுக்கும். அங்கே போட்டி மிகக் கடுமை, 1410 மட்டும் கதவைத் திறக்காது. ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., டார்ட்மத், ஆம்ஹர்ஸ்ட் போன்ற சில இடங்கள் பணத்தேவையைப் பார்க்காமல் முடிவெடுத்து, இடம் கிடைத்தால் முழுத் தேவையையும் கொடுக்கின்றன. அவை எல்லாரும் மொய்க்கும் இடங்களும்கூட. ஆகவே பட்டியலில் மதிப்பெண்ணை வைத்தே உதவித்தொகை தரும் பொதுப் பல்கலைக்கழகங்களும் இருக்கட்டும். அங்கே 1410 மிக நல்ல எண், மறைத்தால் உதவித்தொகையே போய்விடும். ஆங்கிலத்துக்கு டோஃபலோ ஐ.இ.எல்.டி.எஸ்.ஸோ நல்லபடியாக எழுதிவிட்டால், மொழிப்பகுதியின் 640ஐப் பற்றிய தயக்கமும் குறையும். டோஃபல் மதிப்பெண் இரண்டு ஆண்டுதான் செல்லும், அதைக் கணக்குப் பண்ணித் தேதி போடச் சொல்லுங்கள்.

அவனுக்கு உங்களால் இன்னொரு உதவியும் செய்ய முடியும். அமெரிக்கப் பள்ளிகள் விண்ணப்பத்தோடு தங்களைப் பற்றி ஒரு பக்கக் குறிப்பு அனுப்பும். அவன் பள்ளியில் அப்படி ஒன்று அநேகமாக இருக்காது. தலைமையாசிரியரிடம் போய் ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லி அண்ணனிடம் சொல்லுங்கள். பள்ளியில் எத்தனை மாணவர்கள், எந்த வழியில் பாடம் நடக்கிறது, வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகிறவர்கள் எத்தனை பேர், பிளஸ் டூவில் பள்ளியின் சராசரி என்ன, இந்தப் பையன் எத்தனையாவது இடம், இதுவரை இந்தப் பள்ளியில் எஸ்.ஏ.டி. எழுதியவர்கள் எத்தனை பேர். கடைசிக் கேள்விக்கு 'இவன் ஒருவன்தான்' என்பது பதிலாக இருந்தால், அதை அப்படியே எழுதச் சொல்லுங்கள். அந்தத் தாளும் 1410உம் ஒரே உறையில் போகட்டும்.